அத்தை வைத்த பெயர்கள்

எங்கள் அத்தை யாரை முதல் தடவை பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள். நடையைத்தான் பார்ப்பாள். வாசலில் ஆள் வருகிறது என்றால் கையில் இருக்கும் முறத்தையோ கரண்டியையோ கீழே வைத்துவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, வருகிறவர் படியேறும் வரை பார்ப்பாள். பிறகு உள்ளே திரும்பி, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்வாள்.

"கீரி."

அவ்வளவுதான். வந்தவர் சர்க்கரை ஆலையின் கணக்குப்பிள்ளையாக இருப்பார். வரப்பில் நிற்காமல் கரும்புக்குள் தலையை விட்டு விட்டுப் பார்க்கிற மனிதர். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் கணக்குப்பிள்ளை இல்லை, கீரிதான்.

அவள் அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு கரும்பு வெட்டு முடிவதற்குள் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு, தீவின் நடுவே மோகா ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் ஒரு பிராணியைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டாள் என்று அம்மா சொல்வாள். அப்பா ஆமை. வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் அவருடைய தலை தோள்களுக்கு நடுவே இறங்கிவிடும். அம்மா மான். கதவு கிரீச்சிட்டாலும் காது விடைத்துக்கொள்ளும். நான் பச்சைப் பல்லி. எங்கள் தீவில் முதுகில் சிவப்புப் புள்ளி போட்ட பச்சைப் பல்லி ஒன்று உண்டு. இனிப்பு எங்கே இருந்தாலும் நக்க வந்துவிடும். சர்க்கரைச் சாடிக்குள் போன என் விரலை வைத்து அந்தப் பெயர் வந்தது. நான் மறுக்கவில்லை.

அவள் வைத்த பெயர்களில் இருந்த தொல்லை, அவை ஒட்டிக்கொண்டு விடும் என்பதுதான். எங்கள் ஊர்க் கோவில் தலைவருக்கு ஒரு முறை சேவல் என்று வைத்தாள். வீட்டுக்குள் சொன்னது கிணற்றடிக்குப் போய், கிணற்றடியிலிருந்து கடைக்குப் போய், கடைசியில் அவர் மனைவியே சந்தையில் நின்றுகொண்டு, "எங்க சேவல் இன்னும் இந்தப் பக்கம் வரலியா?" என்று கேட்டுவிட்டாள். அந்த வருஷம் தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டுக்கு விபூதி கடைசியாகத்தான் வந்தது. அப்பா பலமுறை சொல்லிப் பார்த்தார். அத்தை கேட்டுக்கொண்டாள். ஆனால் யாராவது வாசல் பக்கம் வந்தால் அவள் தலை தானாகச் சாய்ந்தது.

எனக்குப் பதினேழு வயது நடந்துகொண்டிருந்தபோது இந்தப் பழக்கம் என் கல்யாணத்தையே கொண்டுபோகப் பார்த்தது. அதைச் சொல்லாமல் அத்தையைப் பற்றிச் சொல்ல முடியாது.

கரும்பு வெட்டு முடிந்து, தைப்பூச விரதம் தொடங்குவதற்கு முன்னால் வரும் வெயில் நாட்களில் நாங்கள் கடலுக்குப் போவோம். தீவின் தென் கோடியில் சுயாக் வரை ரயில். அங்கிருந்து பெல் ஒம்ப்ர் கடற்கரைக்கு மாட்டு வண்டி. வண்டியில் அரிசி மூட்டை, சட்டி பானை, பாய், கால் கட்டிய கோழிகள், அவற்றுக்கு நடுவே நாங்கள். சவுக்கு மரங்களுக்குக் கீழே கரும்புச் சோகை வேய்ந்த இரண்டு குடிசைகள் வாடகைக்குக் கிடைக்கும். முன்னால் அலை அடங்கிய கடல், பின்னால் கரும்பு, அதற்கும் பின்னால் மலை ஏறுகிற காடு. மற்றவர்கள் மீன் தின்னவும் தூங்கவும் போனோம். அத்தை பார்க்கப் போனாள். காலையில் கடலோரம், வெயில் ஏறினால் காட்டோரம். மானோ குரங்கோ நண்டோ எதைக் கண்டாலும் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்று, "அட, நம்ம கீரி மச்சான்," "இது யாரு, நம்ம தபால்காரரா," என்று குசலம் விசாரிப்பாள். ஊரில் மனிதர்களில் மிருகத்தைப் பார்த்தவள், காட்டில் மிருகங்களில் மனிதர்களைப் பார்த்தாள்.

அந்த வருஷம் சுயாக்கில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம் எனக்கு வரன் சொல்லி அனுப்பியிருந்தது. அவர்களும் அதே கடற்கரைக்கு வந்து பக்கத்துக் குடிசையில் தங்குவது என்று ஏற்பாடு. "பெண் பார்த்ததாகவும் ஆச்சு, காத்து வாங்கினதாகவும் ஆச்சு," என்றார் அப்பா. எல்லாம் ஒத்துப்போனால் புறப்படுகிற நாள் காலையில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம்.

ரயிலில் அப்பா அத்தையைத் தன் எதிரில் உட்கார வைத்தார்.

"இந்த ஒரு தடவை நீ யாருக்கும் பேர் வைக்கக் கூடாது."

"நான் எங்கேண்ணா வைக்கிறேன். அவங்க கொண்டுவராங்க. நான் பாத்துச் சொல்றேன்."

"பாக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். முருகன் மேல சத்தியம் பண்ணு."

அத்தை சத்தியம் செய்தாள். அந்த நேரம் எங்கள் பெட்டியில் ஒரு தடித்த மனிதர் மூச்சிரைக்க ஏறினார். அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ரயில் புறப்பட்டு வெகுநேரம் வரை திறக்கவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்து சவுக்குத் தோப்பில் நின்றது. மாமனார் வரவில்லை. மாட்டைக் கவனிக்க ஆளில்லை என்று தாம்பூலத்தன்று வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். முதலில் இறங்கியது மாப்பிள்ளையின் அம்மா. குட்டையான, உருண்டையான உடம்பு. கூர்மையான மூக்கு, கொஞ்சம் மேலே தூக்கினாற்போல். மணலில் சின்னச் சின்ன அடியாக வேகமாக நடந்து வந்தாள். அவள் பின்னால் மாப்பிள்ளை, அவன் பின்னால் அவனை விடச் சின்னது, அதன் பின்னால் அதை விடச் சின்னது என்று ஒன்பது பிள்ளைகளும் உயர வரிசையில் இறங்கி நடந்து வந்தார்கள். அவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நான் குடிசைக்குள் ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மா எனக்குப் பின்னால். அத்தை எனக்குப் பக்கத்தில். அவள் தலை சாய்வது எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. முடியவில்லை.

"தாங்," என்றாள்.

தாங் என்றால் எங்கள் காட்டில் இருக்கும் ஒரு பிராணி. முள்ளெலி மாதிரி, ஆனால் அதை விடப் பெரிது. கூரான மூக்கு. மழைக்காலத்தில் குட்டி போட்டால் ஒன்று இரண்டோடு நிறுத்தாது. தாய் முன்னால் நடக்க, குட்டிகள் அத்தனையும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை பிடித்து நடக்கும். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணினியே, பாவி. அவங்க எவ்வளவு பெரிய மனுஷி."

"அதுவும் சரிதான்," என்று யோசித்தாள் அத்தை. "அப்போ தாங்கம்மா."

பகலில் பந்தி. மீன் குழம்பு கொதிக்கிறது, அப்பளம் கருகுகிறது, முதல் சம்பந்தம் என்ற பயத்தில் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வந்தவளை நிற்க வைத்திருக்கிறோமே என்று என்னைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"ஏய், அந்த மணையை எடுத்துத் தாங்கம்மாவுக்குப் போடு."

சொன்னது அத்தை இல்லை, அம்மா. எங்கள் வீட்டிலேயே நாக்குச் சுத்தமான அம்மா.

"தங்கம்மாவா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. தீவின் கிரியோல் பேச்சு கலந்த எங்கள் தமிழில் குறிலும் நெடிலும் அவ்வளவு கறார் இல்லை. "என் பேரு அது இல்லியே."

அம்மா கரண்டியோடு குழம்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க அப்பா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாரு," என்றாள் அவள். கூர்மையான முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "தங்கம், தங்கம்மான்னு. அவர் போனதுக்கு அப்புறம் ஒருத்தரும் கூப்பிட்டதில்லே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தாலே தெரியுதுங்களே," என்றாள் அத்தை.

"அப்போ அப்படியே கூப்பிடுங்க. கேக்க நல்லாருக்கு."

அதற்குப் பிறகு நாங்கள் பட்டதை யாரிடம் சொல்வது. அப்பாவுக்கு விஷயம் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறார்களே என்று பூரித்துப்போய், கடற்கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, "தங்கம்மா, இளநி வெட்டவா?" "தங்கம்மா, தண்ணி ஜில்லுனு இருக்கு, இறங்குங்க," என்று கூவினார். அவர் உற்சாகத்தில் கூவும்போது குறில் நெடிலாக நீண்டது. ஒவ்வொரு தடவையும் அம்மா குடிசைக்குப் பின்னால் ஓடிப்போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நிற்பாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அத்தை மட்டும் எதுவும் நடக்காதது போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மெதுவாக அவளிடம் கேட்டேன்.

"அவருக்கு என்ன பேர் அத்தை?"

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. "நடையில ஒண்ணும் அகப்படலே. சிரிச்சாத் தெரியும். எங்கே சிரிக்கிறான்?"

உண்மைதான். பெண் வீட்டார் முன்னால் பல் தெரியக் கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல.

காட்டுக்குப் போகலாம் என்று சொன்னது மாப்பிள்ளையின் அம்மாதான். அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் ஒன்பது பிள்ளைகளுக்கு நடுவே காட்டைப் போய்ப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் கையொழியவில்லை. மான் வேட்டைக்கு வழிகாட்டுகிற கிரியோல் கிழவர் ஒருவர் கூட வரச் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். ஒற்றையடிப் பாதை. முன்னால் கிழவர். அவர் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா, வேறு யாருக்கும் பின்னால் நடப்பது அவளுக்கு வழக்கமில்லை. அவள் பின்னால் வழக்கமான வரிசையில் பிள்ளைகள். கடைசியில் நாங்கள்.

மேலே கிளைகளில் குரங்குகள் எங்களைப் பார்த்துவிட்டுத் தாவின. தூரத்தில் ஒரு பெண்மான் நின்று, அம்மா தும்மியதும் ஓடிப்போனது. கொய்யாப் புதர்கள் நெருங்கி வந்த ஒரு திருப்பத்தில் கிழவர் கையை உயர்த்தி ஓரமாக ஒதுங்கினார். நின்றோம். சருகு சலசலத்தது.

புதருக்குள்ளிருந்து ஒரு தாங் வெளியே வந்தது. மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக. அதன் பின்னால் மஞ்சள் கோடு போட்ட குட்டி ஒன்று. அதன் பின்னால் ஒன்று. அதன் பின்னால் ஒன்று. வந்துகொண்டே இருந்தன. பாதை நடுவே வந்ததும் தாய் நின்றது. எல்லாம் நின்றன. எதிரில் நின்ற மனுஷியை அது நிமிர்ந்து பார்த்தது. அவளும் மூக்கை உயர்த்தி அதைப் பார்த்தாள். அவள் பின்னால் ஒன்பது பேர், அதன் பின்னால் அத்தனை குட்டிகள்.

கிழவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். "கெத், மாமா தாங்," என்றார். பார், தாங் அம்மா என்று அர்த்தம். பிறகு பாதையில் நின்ற மற்ற வரிசையையும் பார்த்துவிட்டு, கள்ளமில்லாமல் இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்தார்.

யாரோ வெடித்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போனது. அத்தை என் காதருகே வந்து, "இவனுக்கு ஒண்ணும் வேண்டாம்டி. இவன் மனுஷன்தான்," என்றாள். அவள் வாழ்நாளில் வேறு யாரையும் அப்படி விட்டதில்லை.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. "தாங்... அம்மா," என்று தனக்குத் தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாகத் திரும்பினாள். பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தாள். வரிசைக்கு அப்பால் எங்களைப் பார்த்தாள். அம்மா ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டாள். தான் இத்தனை நாள் கடற்கரை முழுவதும் என்ன கூவிக்கொண்டிருந்தோம் என்று அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தலை உள்ளே போய்விட்டது.

"இது யார் வச்சது?"

"நான்தான்," என்றாள் அத்தை. முன்னால் வந்து நின்றாள்.

"எப்போ?"

"வண்டியை விட்டு இறங்கினப்பவே."

"அதைச் சுட்டுத் தின்பாங்க, தெரியுமா?"

"தெரியும். கறி நல்லாருக்கும்ங்கிறாங்க."

அப்பா முனகினார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். அந்த வார்த்தை அத்தை வாயில் எப்போதும் வந்ததில்லை. அவள் யோசித்துவிட்டு, "பிடிக்கலேன்னா மாத்திடலாம்," என்றாள். துணிக்கடைக்காரன் சொல்வது போல.

"மாத்து," என்றாள் அவள். "எனக்குப் பொருத்தமா ஒண்ணு பாத்து மாத்து. அதுக்கப்புறம் தாம்பூலத்தைப் பத்திப் பேசலாம்."

இப்படித்தான் என் கல்யாணம் ஒரு பிராணி கிடைப்பதில் வந்து நின்றது. புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலையிலிருந்து இரண்டு குடும்பமும் கடலையும் காட்டையும் சல்லடை போட்டுச் சலித்தோம். மாப்பிள்ளையின் அம்மாவும் கூடவே வந்தாள். நாங்கள் காட்ட, அவள் தள்ள.

பாறையிடுக்கில் ஒரு பேய்க்கணவாயைக் காட்டினாள் அத்தை. "பாருங்க, எவ்வளவு புத்தி. எட்டுக் கை."

"எட்டுக் கையும் வேலை செய்யணும்கிறியா? வேண்டாம்."

வாலில் நீள வெள்ளை இறகு வைத்த கடல் பறவை தலைக்கு மேல் போனது. "இந்த வயசிலே எனக்கு வாலா?" மான்? "பயந்தாங்கொள்ளி." பருந்து? "கோழி திருடி." அவளுடைய கடைசிப் பையன் குரங்கு என்று சொல்லி ஒரு அறை வாங்கிக்கொண்டான். அப்பாவுக்குத் தாங்க முடியவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தெய்வ சம்பந்தமாகப் போனால் தப்பு வராது என்று நினைத்து, "மயில்னு வச்சிக்கலாமே," என்றார்.

"இந்தத் தீவில மயில் இருக்கா?"

"இல்லே."

"அப்போ நானும் இல்லேங்கிறீங்க."

அப்பா அதற்குப் பிறகு தேடும் வேலைக்கு வரவில்லை.

எனக்கு உள்ளுக்குள் பதைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அத்தைக்குப் பதைப்பு இருந்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இன்னொன்றையும் கவனித்தேன். மாப்பிள்ளையின் அம்மா இப்போது எங்களுக்கு முன்னால் போகத் தொடங்கியிருந்தாள். சேலையை முழங்கால் வரை சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கல்லைப் புரட்டினாள். அத்தைக்குத் தெரியாததை அவள் முதலில் பார்த்துவிட்டு, "அதோ, அதோ, உனக்குக் கண் இல்லியா?" என்று அதட்டினாள். நீங்க என்பது எப்போது நீ ஆனது என்று யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் பசி என்று கூப்பிட்டதற்கு, "போய் அண்ணனைக் கேளு," என்று சொல்லிவிட்டாள். இது அந்த வீட்டில் முன்பு நடந்திருக்காது.

தாம்பூலத்துக்கு முந்தின நாள் கடல் வற்றியிருந்தது. அத்தையும் அவளும் முன்னால் போக, நான் கூடையோடு பின்னால் போனேன். மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று குனிந்து, மணலில் நகர்ந்த ஒரு சங்கை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். சங்குக்குள்ளிருந்து முதலில் ஒரு கால், பிறகு ஒரு கண் வெளியே வந்தது. எவனோ விட்டுப்போன சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டு.

"எனக்குத் தேடினது போதும்," என்றாள். "உனக்கு அகப்பட்டுடுச்சு."

"எனக்கா?"

"ஊருக்கெல்லாம் வச்சே. உனக்கு யாரு வச்சா? இந்தா. சொந்தமா ஓடு கிடையாது. அடுத்தவன் சங்குக்குள்ளே உக்காந்துக்கிட்டு, கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் போறவன் வர்றவனைப் பாக்கும். கிட்டப் போனா உள்ளே இழுத்துக்கும்."

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் அவளுக்கென்று இருந்தது உர மூட்டை அடுக்குகிற அறையில் ஒரு கட்டில், அதன் கீழே அந்தத் தகரப் பெட்டி. அவள் அதைக் குறையாகச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. நாங்களும் யோசித்ததில்லை. அவளுக்கு ஒரு பெயர் இல்லையே என்றும் யோசித்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் தான் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அவள் வாயிலும் மன்னிப்பு வரவில்லை.

"பிடிக்கலேன்னா மாத்திடலாம்," என்றாள் மெதுவாக.

அத்தை கையை நீட்டி நண்டை வாங்கிக்கொண்டாள். அது மறுபடி கண்ணை வெளியே விடும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். சரியாத்தான் பாத்திருக்கே," என்றாள். "இது பெரிசானா என்ன பண்ணும்?"

"என்ன பண்ணும், பெரிய சங்கா பாத்துப் போகும்."

அத்தை அதைத் தண்ணீரில் விட்டாள். அன்று மாலை அவள் வைத்த குழம்பில் உப்பு இல்லை.

காலையில் மாமனார் வந்துவிட்டார். தட்டுகள் வைத்தாயிற்று. அதற்கு முன்பே அத்தை, சுபகாரியம் என்றால் வழக்கமாகச் செய்வது போல, அடுப்புப் பக்கம் போய்ப் பின்புறமாக நின்றுகொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா மணையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"பேர் வச்சவ எங்கே?"

அப்பா மென்று விழுங்கினார். "அவ... வந்து... புருஷன் இல்லாதவ. இந்த நேரத்திலே முன்னால..."

"அவ வந்து உக்காந்தாத்தான் தட்டைத் தொடுவேன்."

அத்தையை நான்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். கையில் மஞ்சளும் கரியும் அப்படியே இருந்தன. அவள் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சபைக்குப் பொதுவாகச் சொன்னாள்: "தேடிப் பாத்தாச்சு. மத்தது ஒண்ணும் எனக்கு அளவு சரியில்லே. தாங்கே இருக்கட்டும். ஆனா வெளியாளுங்க முன்னால குறிலாச் சொல்லுங்க."

மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் விளக்கவும் இல்லை. தாம்பூலம் மாறியது.

திரும்பி வரும் ரயிலில் அத்தை மறுபடி அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இவ கல்யாணம் ஆனதும் நான் தனியா இருக்கப் போறேண்ணா."

"நம்ம வீட்டிலே உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லே. இடம் பத்தலே."

அப்பா என்னென்னவோ சொன்னார். ஊர் என்ன பேசும் என்றார். அண்ணன் துரத்திவிட்டான் என்பார்களே என்றார். அத்தை ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். என் கல்யாணம் முடிந்து, அடுத்த மார்கழி பிறப்பதற்குள் சுயாக்கில், என் புகுந்த வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி, இரண்டு அறை வீடு ஒன்றைப் பிடித்துக் குடிவந்துவிட்டாள். ஆடு வளர்த்தாள். கத்தரிக்காயும் மிளகாயும் போட்டாள். சந்தைக்குத் தானே சுமந்து போனாள். முதல் நாள் நான் போனபோது தன் வீட்டு வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவே இல்லை. "வா, வா. இங்கே யார் வந்தாலும் நான்தான் உள்ளே கூப்பிடணும்," என்றாள்.

என் மாமியாருக்கும் அவளுக்கும் நடந்த சண்டைகளை எழுதினால் அது தனிப் புத்தகம். ஞாயிறு தோறும் இருவரும் கடலோரமோ காட்டோரமோ போவார்கள். போகும்போது பேசிக்கொண்டு போவார்கள், வரும்போது பேசாமல் வருவார்கள். புது டாக்டர் காட்டுப் பன்றியா வளர்ப்புப் பன்றியா என்பதில் ஒரு மாதம் பேச்சு இல்லை. மாமியார் கடுமையானவள். அத்தை அவசரப்பட்டு வைக்கிறாள், ஆளை உட்கார வைத்தும் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. அத்தைக்கு நடைதான். கடைசி வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரே ஒரு தடவை இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பெயர் தோன்றியது.

பல வருஷம் கழித்து எங்கள் கோவிலுக்கு இந்தியாவிலிருந்து புதிதாக ஒரு குருக்கள் வந்தார். ஒல்லியான மனிதர், தங்கக் கம்பி போட்ட மூக்குக்கண்ணாடி. முதல் நாள் பூசைக்கு ஊரே கூடியிருந்தது. அத்தையும் மாமியாரும் முன் வரிசையில், நான் அவர்களுக்குப் பின்னால். குருக்கள் கர்ப்பக்கிரகத்திலிருந்து வெளியே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு நடந்து கூட்டத்தைப் பார்த்தார். கண்ணைச் சுற்றி இருந்த மஞ்சள் கம்பி தீபத்தில் மின்னியது.

இரண்டு வெள்ளைத் தலைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

"மைனா," என்றார்கள் இருவரும்.

சத்தமாகவே சொல்லிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியாரின் தோள் குலுங்கத் தொடங்கியது. அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். குருக்கள் நின்றுவிட்டார்.

"என்ன பாட்டி? ஏதாவது கேட்டேளா?"

"ஒண்ணுமில்லே சாமி," என்றாள் மாமியார் திணறிக்கொண்டு. "ஒரு பேர் விஷயம்."

"அர்ச்சனைக்கா? பேஷா பண்ணலாம். பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ."

அவ்வளவுதான். இருவரும் கைகோத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அந்த வயதில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ. குருக்கள் தட்டும் கையுமாக என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. எனக்கு வாயில் வேறு எதுவும் வரவில்லை.

"மைனா... மைனாவதி, சாமி. ரோகிணி நட்சத்திரம்."

"உடம்புக்கு முடியலையோ? பாட்டிமார் இப்படி அழுதுண்டு போறாளே."

"ஆமா சாமி."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, மனம் உருகி, மைனாவதிக்கு நோய் தீரவும் ஆயுள் நீளவும் அர்ச்சனை செய்தார். மதிலுக்கு வெளியே இரண்டு கிழவிகள் மூச்சு வாங்கும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

நல்ல மனிதர். மறக்கவே இல்லை. பிறகு நான் எப்போது கோவிலுக்குப் போனாலும், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு கிட்டே வருவார். "மைனாவதிக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்பார். எங்கள் ஊர்ப் பொங்கலும் பாயசமும் அவர் உடம்பில் நன்றாகவே ஒட்டத் தொடங்கியிருந்தன. நான் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்வேன்:

"தேவலை சாமி. கொஞ்சம் சதை போட்டிருக்கு."